குழந்தைக்காகக் காத்திருப்போருக்கு ஓர் ஆதரவு வட்டம்: முழுமையான வழிகாட்டி

“விசேஷம் ஏதும் உண்டா?” கல்யாணமான சில மாதங்களிலேயே தொடங்கிவிடும் கேள்வி இது. முதல் வருடம் சிரித்துச் சமாளிக்கிறோம். இரண்டாவது வருடம் கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு ஊரிலிருந்து போன் வந்தாலே எடுக்கத் தயக்கம். சிகிச்சைக்கு டாக்டர் இருக்கிறார், வேண்டுதலுக்குக் கோயில் இருக்கிறது. மனசில் இருப்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த ஆட்களைத் தேடிச் சேர்ப்பதற்கான வழிகாட்டி இது. நம் ஊரிலேயே ஐந்தாறு பேர் கொண்ட ஒரு வட்டத்தை எப்படித் தொடங்குவது, என்ன செலவாகும், எங்கே கவனம் தேவை, அது காலூன்றிய பிறகு ஊருக்குள் விழிப்புணர்வை எப்படிக் கொண்டுபோவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

இதில் வரிசை மிக முக்கியம். முதலில் துணை, பிறகுதான் பிரசாரம். தனியாக நின்று ஊரைத் திருத்தப் போனால் முதல் ஏச்சிலேயே சோர்ந்துவிடுவோம். பின்னால் ஐந்து பேர் இருந்தால் அதே ஏச்சைத் தாங்கிக்கொண்டு பதிலும் சொல்ல முடியும்.

ஆதரவு வட்டம் என்றால் என்ன?

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் குறிப்பிட்ட நாளில், பாதுகாப்பான ஓர் இடத்தில் கூடி, பேசவும் கேட்கவும் செய்யும் சிறு குழு. அவ்வளவுதான். இது சிகிச்சை மையம் அல்ல, பிரார்த்தனைக் கூட்டம் அல்ல, மருந்து சிபாரிசு செய்யும் இடமும் அல்ல.

இதன் நோக்கத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாக வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் குழந்தை பிறக்க வைப்பது வட்டத்தின் வேலை அல்ல. காத்திருக்கும் காலத்தில் யாரும் தனியாகக் கிடந்து தவிக்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், சிகிச்சை தோற்றவர்கள் வட்டத்திலும் தோற்றதாக நினைக்க மாட்டார்கள்.

இப்படிக் கூடுவது புதிதல்ல. அமெரிக்காவில் பார்பரா மென்னிங் என்ற செவிலியர் 1974ல் தொடங்கிய ‘ரிசால்வ்’ அமைப்பு இன்றும் இயங்குகிறது. 1989 முதல் ஆண்டுதோறும் கருவுறாமை விழிப்புணர்வு வாரத்தையும் அது நடத்துகிறது. நமக்கு அத்தனை பெரிய அமைப்பு வேண்டாம். ஆறு நாற்காலி போட ஓர் இடம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

வட்டம் தொடங்க மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் நான்கு அடிப்படை விஷயங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

* பாதுகாப்பு முறை எதையும் பயன்படுத்தாமல், 12 மாதங்கள் முறையாக உறவு கொண்டும் கரு தங்காவிட்டால் அதைக் கருவுறாமை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதத்திலேயே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

* அந்த நிறுவனம் 2023ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் சந்திக்கிறார். நாம் அபூர்வமான ஆட்கள் அல்ல.

* காரணம் பெண்ணிடம் மட்டும் இருப்பதில்லை. ஏறத்தாழ பாதித் தம்பதிகளிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ, பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. சிலருக்கு எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாக இருந்தும் கரு தங்குவதில்லை.

* முதல் குழந்தை பிறந்த பிறகு இரண்டாவதுக்குத் தவிப்பவர்களும் உண்டு. “அதான் ஒண்ணு இருக்கே” என்று அவர்களைத் தள்ளிவிட வேண்டாம்.

படி 1: முதலில் வீட்டுக்குள் பேசுவோம்

வெளியே ஆள் தேடுவதற்கு முன்னால் கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். யாரிடம், எவ்வளவு சொல்லலாம்? ஒரு தாளில் மூன்று பட்டியல் போடுவோம்: எல்லாம் தெரிய வேண்டியவர்கள், ‘ட்ரீட்மென்ட்ல இருக்கோம்’ என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும் என்பவர்கள், எதுவும் தெரிய வேண்டாதவர்கள்.

‘யாருக்குப் பிரச்சினை’ என்ற கேள்விக்கு இருவரும் ஒரே பதிலை வைத்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் சரி, வெளியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “இது எங்க ரெண்டு பேரோட விஷயம்.” கணவரின் விந்தணு எண்ணிக்கை குறைவு என்பதை மறைக்க, பழியை மனைவி சுமந்துகொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். அந்தச் சுமையை முதலில் இறக்கி வைப்போம்.

உறவினர்களுக்கான பதிலையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம். அத்தை கேட்டால்:

“டாக்டர்கிட்ட பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அத்தை. நல்ல சேதி வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வோம். அதுவரைக்கும் இதப்பத்திக் கேக்காம இருந்தீங்கன்னா எங்களுக்கு அதுவே பெரிய உதவி.”

மரியாதை குறையாமல் கதவைச் சாத்தும் பதில் இது. கணவர் வீட்டாருக்குக் கணவரும், மனைவி வீட்டாருக்கு மனைவியும் சொல்வது நல்லது.

பேச்சு கேள்வியோடு நிற்காமல் ஏச்சாக மாறினால், சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை இல்லை என்று சொல்லி ஒரு பெண்ணை இழிவுபடுத்துவதையும் ஏளனம் செய்வதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. பெண்கள் உதவி எண் 181. வட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: நம்மைப் போன்றவர்களை எங்கே தேடுவது?

கருத்தரிப்பு மையத்தின் காத்திருப்புக் கூடத்தைப் பார்த்திருப்போம். காலை எட்டு மணிக்கே நாற்காலிகள் நிரம்பிவிடும். மடியில் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்த பிளாஸ்டிக் கவர், கையில் டோக்கன். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதபடி கைப்பை. எல்லோர் கண்ணும் செல்போனில். அத்தனை பேரும் ஒரே காரணத்துக்காக வந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அங்கேதான் தொடங்க வேண்டும். ஒரு சின்ன விதி: அவர்கள் நம்பரைக் கேட்கக் கூடாது, நம் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை பார்த்த முகமாக இருந்தால் இப்படிச் சொல்லலாம்:

“நாங்களும் இங்கதான் பாக்குறோம்க்கா. நம்மள மாதிரி நாலஞ்சு பேரு மாசம் ஒரு தடவ சேந்து பேசலாம்னு இருக்கோம். உங்களுக்கும் தோணுச்சுன்னா கூப்பிடுங்க. இல்லன்னாலும் பரவால்ல.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. அதுதான் அவர்களுக்கு நம்பிக்கை தருவது. உடனே கூப்பிடாவிட்டாலும் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

மற்ற வழிகள்:

* மையத்தின் கவுன்சிலர். செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, மையங்கள் தம்பதிகளுக்கு முறையான ஆலோசனை வழங்க வேண்டும். அந்த ஆலோசகரிடம் நம் நம்பர் உள்ள சீட்டைக் கொடுத்து, விரும்புபவர்களிடம் தரச் சொல்லலாம். நோயாளிகளின் விவரத்தை நாம் கேட்கக் கூடாது, அவர்களும் தரக் கூடாது.

* ஊர் மகப்பேறு டாக்டர். பெரிய மையத்துக்குப் போகாமல் உள்ளூரிலேயே பார்ப்பவர்கள்தான் அதிகம்.

* கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகப் போகிறவர் அவர். எந்த வீட்டில் எந்தக் கஷ்டம் என்று அவருக்குத் தெரியும், அதைக் காக்கவும் தெரியும்.

* பழைய தோழிகள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் குழந்தைப் படங்கள் வரும்போதெல்லாம் அமைதியாகிவிடும் ஒருத்தி இருப்பாள். அவளுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுவோம்.

நான்கு பேர் சேர்ந்தால் போதும், தொடங்கிவிடலாம். பன்னிரண்டுக்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரிப்போம். கூட்டம் பெருகினால் வாய் திறப்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.

படி 3: முதல் சந்திப்பு

*எங்கே?* நூலகத்தின் சிறு அறை, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் டியூஷன் சென்டர், தெரிந்தவர் ஒருவரின் அலுவலக அறை. கைக்குழந்தை உள்ள வீடு வேண்டாம். கருத்தரிப்பு மையமும் வேண்டாம். அங்கே வைத்தால் மையத்துக்கு ஆள் பிடிக்கிறோம் என்ற சந்தேகம் வரும்.

*எப்போது?* மாதம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். ஸ்கேன் பெரும்பாலும் காலையில் என்பதால் ஞாயிறு மாலை வசதி. ஒன்றரை மணி நேரம் போதும்.

*எப்படி?* நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். மேசை, மைக் எதுவும் வேண்டாம். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்:

* முதல் 10 நிமிடம்: வரவேற்பு, விதிகளை வாசிப்பது.
* அடுத்த 50 நிமிடம்: ஒவ்வொருவராகப் பேசுவது. விரும்பாதவர்கள் “நான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்று சொன்னால் போதும்.
* அடுத்த 15 நிமிடம்: ஒரே ஒரு தலைப்பில் பேச்சு. முதல் மாதம் ‘விசேஷ வீடுகளுக்குப் போவதா, வேண்டாமா?’ என்று வைக்கலாம்.
* கடைசி 15 நிமிடம்: டீ. உண்மையான பேச்சு இங்கேதான் நடக்கும், இதைக் குறைக்க வேண்டாம்.

முதல் சந்திப்பில் அமைதி நிலவும். பயப்பட வேண்டாம். நான் பார்த்த ஒரு முதல் சந்திப்பில் இருபது நிமிடம் வரை வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான் பேச்சு. பிறகு ஒரு பெண், டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்: “போன மாசம் நாத்தனார் வளைகாப்பு. வளையல் தட்டு எங்கிட்ட வந்துச்சு. எங்க சின்ன மாமியார் சட்டுனு வாங்கிப் பக்கத்துல இருந்தவங்ககிட்டக் கொடுத்துட்டாங்க. ஒண்ணுமே சொல்லல. சும்மா வாங்கிட்டாங்க.”

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. எதிரில் இருந்தவர் மட்டும் “எனக்குக் குங்குமச் சிமிழ்” என்றார். அதோடு அந்த அறையில் எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அறிவுரை சொல்ல ஆள் தேவையில்லை, ‘எனக்கும்தான்’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

படி 4: விதிகள் என்ன?

விதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் வாசிப்போம். பழகிய வட்டமானாலும் இதை விடக் கூடாது.

1. இங்கே பேசியது இங்கேயே இருக்கும். கணவரிடம்கூட அடுத்தவர் பெயர் சொல்லி எதையும் சொல்வதில்லை.
2. கேட்காமல் யாருக்கும் மருந்து, டாக்டர், கோயில், பத்தியம் எதையும் சிபாரிசு செய்வதில்லை.
3. “ரிலாக்ஸா இரு, தானா நடக்கும்” என்பது இந்த அறையில் இல்லை.
4. யார் துக்கம் பெரிது என்று ஒப்பிடுவதில்லை. ஒரு வருடம் காத்திருப்பவருக்கும் பத்து வருடம் காத்திருப்பவருக்கும் ஒரே மரியாதை.
5. சாதி, மதம், காரணம் யாருடையது என்ற விசாரணை எதுவும் இல்லை.
6. கடன், சீட்டு, எம்எல்எம், மருந்து விற்பனை எதுவும் வட்டத்துக்குள் வரக் கூடாது.

நடத்துபவர் ஒருவராகவே இருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வோம். நடத்துபவருக்கும் சிகிச்சை தோற்கும் மாதம் வரும். அன்று அவர் வராமல் இருக்கவும், வந்து அழவும் இடம் வேண்டும்.

ஆண்களை எப்படி அழைத்து வருவது?

பெரும்பாலான வட்டங்கள் பெண்களோடு நின்றுவிடுவது இங்கேதான். ஆண்களுக்கும் இந்தத் துக்கம் உண்டு, பேச இடம்தான் இல்லை. “வாங்க, மனசு விட்டுப் பேசலாம்” என்று கூப்பிட்டால் பலர் வர மாட்டார்கள். வேலை கொடுத்துக் கூப்பிட்டால் வருவார்கள்: நாற்காலி போட, கணக்குப் பார்க்க, டாக்டரை அழைத்து வர.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆண்கள் மட்டும் தனியாக ஒரு டீக்கடையிலோ நடைப்பயிற்சியிலோ சந்திக்கலாம். முதல் தலைப்பாக விந்தணுப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுக் கொடுக்கும் எளிய பரிசோதனை அது. புது விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால், புகையை விட்டாலும் சிகிச்சை எடுத்தாலும் பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். இந்த விவரத்தை இன்னோர் ஆண் சொல்லிக் கேட்கும்போது வெட்கம் பாதியாகக் குறையும்.

படி 5: வாட்ஸ்அப் குழு வேண்டுமா?

வேண்டும். ஆனால் முதல் சந்திப்புக்குப் பிறகுதான். முகம் பார்த்துப் பேசியவர்கள் மட்டும் குழுவில் இருக்கட்டும்.

குழுவின் பெயர் சாதாரணமாக இருக்கட்டும். ‘ஞாயிறு வட்டம்’ என்று வைத்தால் வீட்டில் யாராவது போனைப் பார்த்தாலும் சங்கடம் இல்லை. மெசேஜ்கள் தானாக மறையும் வசதியைப் போட்டுவிடுவோம். ரிப்போர்ட் படங்களையும் ஃபார்வர்டுகளையும் அனுமதிக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒரே ஒரு வகை மெசேஜுக்கு மட்டும் அனுமதி: “இன்னைக்கு முடியல, யாராவது முழிச்சிருக்கீங்களா?”

எவ்வளவு செலவாகும்?

வட்டம் நடத்த அதிகப் பணம் தேவையில்லை. பத்துப் பேர் வட்டத்துக்கு உத்தேசக் கணக்கு:

* இடம்: பெரும்பாலும் இலவசம். வாடகை கேட்டால் மாதம் 300 முதல் 500 ரூபாய்க்குள் பார்ப்போம்.
* டீ, சுண்டல் அல்லது வடை: ஆளுக்கு 30 ரூபாய் வைத்தால் 300.
* ஜெராக்ஸ், பேனா: 50.

ஆக, ஆளுக்கு மாதம் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பொது உண்டியல் ஒன்று வைத்து, முடிந்தவர்கள் போடட்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்க வேண்டாம். சிகிச்சைக்கே கடன் வாங்கியவர்கள் நம்மிடையே இருப்பார்கள்.

சிகிச்சைச் செலவு வேறு. தனியார் மையங்களில் ஐ.யு.ஐ. ஒரு முறைக்குச் சில ஆயிரம் ரூபாயும், ஐ.வி.எஃப். ஒரு சுழற்சிக்கு ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் வரையும் ஆவது சாதாரணம். பேக்கேஜில் ஊசி, மயக்க மருந்து, கருவை உறைய வைக்கும் கட்டணம் எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்க வேண்டும். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் கருவுறாமைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் சில இடங்களில் விதிவிலக்கு உண்டு, எச்.ஆரிடம் கேட்டுப் பார்ப்போம். வசதி இல்லாதவர்கள் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போகலாம். அடிப்படைப் பரிசோதனைகளுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு அங்கே பெருமளவு குறையும்.

கஷ்டமான கட்டங்களை எப்படிக் கடப்பது?

வட்டம் உடைவது சண்டையால் அல்ல, மூன்று செய்திகளால். மூன்றுக்கும் முன்கூட்டியே முறை வகுத்துக்கொள்வோம்.

*ஒருவருக்குக் கரு தங்கிவிட்டால்:* கூட்டத்தில் திடீரென்று அறிவிக்க வேண்டாம். நடத்துபவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர் மற்றவர்களுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவார். நேரில் கேட்டால் முகத்தைச் சமாளிக்க வேண்டும், மெசேஜ் என்றால் அழுதுவிட்டு வாழ்த்தலாம். சந்தோஷமும் வலியும் ஒரே நேரத்தில் வருவது இயல்பு, இரண்டுக்கும் குற்ற உணர்வு தேவையில்லை. கர்ப்பிணி ஆனவர் மாதச் சந்திப்பிலிருந்து விலகி நின்று, விழிப்புணர்வுப் பணியில் கைகொடுக்கலாம்.

*கரு கலைந்துவிட்டால்:* “அடுத்த தடவ நல்லபடியா நடக்கும்” என்று உடனே சொல்லாதிருப்போம். இருவர் போய்ப் பார்த்து, சாப்பாடு கொடுத்துவிட்டு, அவர் பேசினால் கேட்டுவிட்டு வருவோம். பிள்ளை இழந்த வீடு அது. துக்கம் கேட்க ஊர் வராத துக்கம் என்பதால் நாம் போக வேண்டும்.

*சிகிச்சையை நிறுத்த முடிவு செய்தால்:* அது தோல்வி அல்ல. உடம்பும் பணமும் உறவும் எவ்வளவு தாங்கும் என்பது அந்த இருவருக்குத்தான் தெரியும். தத்தெடுக்க விரும்புவோர் மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். குறுக்கு வழிகளில் இறங்க வேண்டாம். குழந்தை இல்லாமலே நிறைவாக வாழ்வோம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் நம் வட்டத்தில் நாற்காலி உண்டு. அவர்களைப் பார்ப்பது புதிதாக வருபவர்களின் பயத்தைக் குறைக்கும்.

தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டு, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருவரிடம் வந்தால், அது வட்டத்தால் மட்டும் தாங்கக் கூடியது அல்ல. தனியாக விடாமல் உடன் இருந்து, டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணுக்கு அழைப்போம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

படி 6: ஊரில் விழிப்புணர்வு

ஆறு மாதம் வட்டம் நன்றாக நடந்த பிறகு வெளியே வருவோம். சொல்ல வேண்டிய செய்திகள் மூன்றே மூன்று: இது மருத்துவப் பிரச்சினை, சாபம் அல்ல; இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; விசாரிப்பது அக்கறையானாலும் வலிக்கிறது.

*முதல் வேலை: ஒரு பக்கத் துண்டறிக்கை.* ஒரு பாதியில் ‘இதைக் கேட்காதீர்கள்’, மறு பாதியில் ‘இதைச் செய்யுங்கள்’. இரண்டாவது பாதிதான் முக்கியம். விசேஷங்களுக்கு எல்லோரையும் போல அழையுங்கள், வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். வளைகாப்பில் தட்டை மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா என்று கேளுங்கள். 200 பிரதிகளுக்கு 400 ரூபாய்க்குள் ஆகும்.

*எங்கே பேசலாம்?* மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், கல்லூரி என்.எஸ்.எஸ்., ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், அலுவலகங்கள். அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட கோரிக்கையோடு போவது பலன் தரும். கருமுட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனுக்கு ஒரே மாதத்தில் பல நாள் காலையில் போக வேண்டியிருக்கும். அந்த நாட்களில் காரணம் கேட்காமல் இரண்டு மணி நேரம் தாமத அனுமதி கொடுத்தாலே பலர் வேலையை விடாமல் இருப்பார்கள்.

*கூட்டத்தின் அமைப்பு:* டாக்டர் 20 நிமிடம், அனுபவப்பட்டவர் 10 நிமிடம், மீதி கேள்விகள். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வோம். எழுந்து நின்று கேட்க முடியாத கேள்விகள் அப்போதுதான் வரும். அனுபவம் சொல்ல யாரையும் வற்புறுத்த வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

*எந்த நாளில்?* ஜூன் மாதம் உலகக் கருவுறாமை விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நவம்பரில் தத்தெடுப்பு விழிப்புணர்வு மாதம். ஜூலை 25, உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978ல் இங்கிலாந்தில் பிறந்த நாள்.

அந்த ஜூலைக் கூட்டத்தில் நம் நாட்டுக் கதையையும் சொல்வோம். அதே 1978, அக்டோபர் 3ஆம் தேதி, கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் சோதனைக் குழாய் முறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதை ஆராய அமைத்த விசாரணைக் குழு அவர் சொன்னதை நம்பவில்லை. அவமானம் தாங்காமல் 1981ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகே, அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார் அந்தப் பெருமையை அவருக்கு மீட்டுத் தந்தார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையின் குடும்பமும் நீண்ட காலம் வெளியே வரவில்லை. மௌனத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நூலக வாசகர் வட்டம் உள்ள ஊரில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலைப் படித்துப் பேசலாம். 2010ல் வந்த அந்த நாவல் திருச்செங்கோட்டுப் பகுதியில் காளி, பொன்னா என்ற குழந்தையில்லாத தம்பதியைச் சுற்றி நடப்பது. சொந்தக் கதையைச் சொல்லத் தயங்குபவர்கள் காளி, பொன்னாவைப் பற்றித் தயக்கமின்றிப் பேசுவார்கள்.

எதில் ஜாக்கிரதை?

* ‘100 சதவீதம் உறுதி’ என்பவர்கள். பெண்களின் மலட்டுத்தன்மையைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. எந்த நேர்மையான டாக்டரும் உறுதி கொடுக்க மாட்டார்.

* பதிவு இல்லாத மையங்கள். பதிவுச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளே போனதும் சுவரைப் பார்ப்போம்.

* வெற்றி விகித விளம்பரம். ‘என் வயதில் இருப்பவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?’ என்று கேட்போம். டெஸ்ட் பாசிடிவ் ஆன கணக்கு வேறு, குழந்தை பிறந்த கணக்கு வேறு.

* கருமுட்டை, வாடகைத்தாய் புரோக்கர்கள். கருமுட்டையை விற்பதும் பணத்துக்காக வாடகைத்தாயாக இருப்பதும் சட்டவிரோதம். 2022ல் ஈரோட்டில் ஒரு சிறுமியிடமிருந்து கருமுட்டை எடுத்து விற்றது வெளிவந்து தமிழ்நாட்டையே உலுக்கியது. நம் ஏக்கத்துக்காக இன்னொரு பெண் சுரண்டப்படக் கூடாது.

* வட்டத்துக்குள் நுழையும் வியாபாரம். எந்த மையத்திடமும் பணம், பரிசு, இலவச ஹால் எதுவும் வாங்க வேண்டாம். பேச வரும் டாக்டர் விசிட்டிங் கார்டு விநியோகிக்காமல் இருந்தால் அவரையே மீண்டும் அழைப்போம்.

* நன்கொடை. பணி பெரிதாகி வெளியார் பணம் வரத் தொடங்கினால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்வது நல்லது. அதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும்.

முதல் மூன்று மாதத் திட்டம்

* *1 முதல் 2 வாரம்:* வீட்டில் பேச்சு, மூன்று பட்டியல், உறவினருக்கான பதில்.
* *3 முதல் 6 வாரம்:* நம்பர் எழுதிய சீட்டுகள், கவுன்சிலரையும் செவிலியரையும் சந்திப்பது, இடம் பார்ப்பது.
* *7 அல்லது 8ஆம் வாரம்:* முதல் சந்திப்பு. மூன்று பேர் வந்தாலும் நடத்துவோம்.
* *9 முதல் 12 வாரம்:* வாட்ஸ்அப் குழு, இரண்டாவது சந்திப்பு, ஆண்களுக்கான முதல் டீ.

இடையில் ஒரு மாதம் யாரும் வராமல் போகலாம். தேதியை மட்டும் மாற்றாதீர்கள். அந்த நாளில் அந்த இடத்தில் ஆள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அடுத்த மாதம் ஒருவர் படியேறுவார்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை: நான்கு சிறு சீட்டுகளில் நம் நம்பரை எழுதிக் கைப்பையில் போட்டுக்கொள்வோம். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது, நமக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இருக்கும் நாற்காலியில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். மீதியை இருவருமாகப் பேசிக்கொள்ளலாம்.